வாதநெறி வளர்த்த வீரமாமுனிவர்

பொதிகையில் பிறந்த தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் என்னும் ஊர் உள்ளது. முத்துக்குளித்துறை என வழங்கிய அக்கடற்கரைக்கு 1542ஆம் ஆண்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவருக்குப் பின்வந்த அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் தங்கித் தமிழ் கற்றார்; தமிழில் நூல்கள் எழுதினார். அவருடைய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளில் அச்சேறியது. ஆற்றுமுகத்து ஊர்களில் சமயமும் தமிழும் இவ்வாறு ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்ட நூற்று முப்பது ஆண்டுகளுக்குப்பின், அவ்வாற்றுக்கு வடக்கே கரிசல் காட்டில் அமைந்த காமநாயக்கன்பட்டிக்கு இத்தாலிய நாட்டுத் துறவி ஒருவர் வந்து சேர்ந்தார். கான்சுடான்சு சோசப் பெசுகி என்பது அவர் இயற்பெயர். தமிழ் மக்கள் அவரைத் தைரியநாதர் என்றனர். பின்னர் வீரமாமுனிவர் என்றனர்.

தேம்பாவணி பாடிய காப்பியப் புலவராகவும் சதுரகராதி தொகுத்த அகராதித் தந்தையாகவும் அவரை நாம் அறிவோம். அவருக்கு வேறொரு முகமும் உண்டு. தம் சமயத்துள் எழுந்த பிளவை எதிர்த்து, கத்தோலிக்கக் கொள்கையையும் திருச்சபையின் அதிகாரத்தையும் நிலைநாட்ட ஓலையும் எழுத்தாணியும் கொண்டு போரிட்ட வாதநூலாசிரியர் அவர். தமிழ் உரைநடை வாதத்துக்கு ஏற்ற கருவியாகக் கூர்மை பெற்ற வரலாற்றில் அம்முகத்துக்குத் தனி இடம் உண்டு.

இத்தாலியிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்கு

வீரமாமுனிவர் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இத்தாலியில் காசுதிக்கிளியோன் என்னும் ஊரில் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்து துறவியானார். 1710இல் கோவாவை அடைந்து, கேரளத்து அம்பலக்காடு வழியாக மதுரை மறைமாநிலத்துக்கு வந்தார். அக்காலத்தில் மதுரை நாட்டை ஆண்டவர் விசயரங்க சொக்கநாத நாயக்கர்.

கடற்கரையில் பணியாற்றிய குருக்களுக்குப் போர்த்துக்கீசியரின் துணை இருந்தது. உள்நாட்டில் பணியாற்றியவர்களுக்கு அத்துணை இல்லை. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் வகுத்த வழியில் அவர்கள் காவி உடுத்தனர், புலால் நீக்கினர், தமிழ்த் துறவியரின் ஒழுக்கத்தைத் தம் ஒழுக்கமாக்கிக்கொண்டனர். காமநாயக்கன்பட்டியில் முனிவர் வாழ்ந்த வாழ்வும் இத்தகையதே. 1714, 1715ஆம் ஆண்டுகளை ஒட்டிக் குருக்கள்பட்டியில் அவர் பிடிபட்டுச் சிறையில் துன்புற்றார். கொலைத்தண்டனையின் விளிம்புவரை சென்று உயிர் தப்பினார். தைரியநாதர் என்னும் பெயர் அவருக்குப் பொருந்தியதில் வியப்பில்லை.

முனிவர் குருக்கள்பட்டியில் துன்புற்ற அதே ஆண்டுகளில் சோழநாட்டுக் கடற்கரையில் தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் எழுத்துகளைக் கோத்துக்கொண்டிருந்தனர். அங்கே அச்சாகிக்கொண்டிருந்தது புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு. அந்நூலே பின்னாளில் அவரை வாதக் களத்துக்கு இழுத்தது.

தரங்கம்பாடியின் அறைகூவல்

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமானியத் துறவி மார்ட்டின் லூதர், உரோமைத் திருச்சபையின் நடைமுறைகள் சிலவற்றை எதிர்த்து எழுப்பிய குரல் ஐரோப்பியக் கிறித்தவத்தை இரண்டாகப் பிளந்தது. லூதரைப் பின்பற்றியோர் லுத்தரன் சபையினர் எனப்பட்டனர். அவர்களையும் அவர்களைப் போன்று பிரிந்த பிறரையும் புராட்டஸ்தாந்தர் என்பது வழக்கு. அப்பிளவு தமிழகக் கரையை வந்தடைய ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. டென்மார்க்கு அரசரால் அனுப்பப்பட்ட சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் இறங்கினர். சீகன்பால்கு விரைந்து தமிழ் கற்றார். ஐரோப்பாவிலிருந்து அச்சுப்பொறியை வரவழைத்தார். நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் 1714இலும், எஞ்சிய பகுதிகள் 1715இலும் வெளிவந்தன. 1719இல் அவர் மறைந்தபின் சூல்சு என்பவர் பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து முடித்தார்.

இரு சபையாருக்கும் இடையே நின்ற வினாக்கள் எளியவை, விடைகளே கடினமானவை. விவிலியம் ஒன்றே சமய உண்மைக்குச் சான்றா, அன்றித் திருத்தூதர் காலந்தொட்டு வழிவழி வந்த மரபும் சான்றாகுமா? விவிலியத்துக்குப் பொருள்கூறும் உரிமை படிக்கும் ஒவ்வொருவருக்கும் உரியதா, திருச்சபைக்கு மட்டும் உரியதா? உரோமையில் வீற்றிருக்கும் திருத்தந்தை, இராயப்பரின் வழித்தோன்றல் என்னும் முறையில் திருச்சபைக்குத் தலைவரா? அன்னை மரியையும் புனிதரையும் போற்றுதலும், அவர்தம் உருவங்களுக்கு வணக்கம் செலுத்துதலும் ஏற்புடையனவா? குருமார் மணம் செய்யலாமா?

ஐரோப்பாவில் இவ்வினாக்கள் மன்னர்களின் படைகளாலும் முடிவு செய்யப்பட்டன. தமிழகத்தில் அவ்வாறு இல்லை. இங்கு இரு சபையாருமே சிறுபான்மையினர். அரசு இருவர் பக்கமும் இல்லை. ஆகவே வெல்ல வேண்டியது கேட்போரின் மனத்தையே. அதற்கு உதவக்கூடிய கருவி தமிழே. இந்த நிலைமைதான் முனிவரின் வாதநூல்கள் பிறக்கக் காரணம் எனலாம்.

வாதம் கொள்கையளவில் நின்றுவிடவில்லை. காமநாயக்கன்பட்டியிலிருந்து வடக்கே சென்ற முனிவர், 1720ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். அவ்வூரைத் திருக்காவலூர் என அவர் வழங்கினார். ஆற்றைக் கடந்தால் தஞ்சை நாடு. அங்கே மன்னரின் படையில் பணிபுரிந்த இராசநாயக்கன் என்னும் கத்தோலிக்கர், தரங்கம்பாடியில் அச்சான தமிழ் நற்செய்தி நூலைப் படித்து மனம் மாறி 1727, 1728ஆம் ஆண்டளவில் லுத்தரன் சபையைச் சார்ந்தார்; பின் அச்சபையின் உபதேசியாராகவும் ஆனார். அவர் வழியே அவர்தம் உறவினரிடையிலும் பிளவு உண்டாயிற்று. ஓர் அச்சுநூல் ஒரு குடும்பத்தை, ஓர் ஊரை, ஒரு சபையை இரண்டாக்க வல்லது என்பதை முனிவர் கண்கூடாகக் கண்டார். குருக்கள் சிலரே; ஊர்களோ பல. குரு ஆண்டுக்கொருமுறை வந்துபோகும் சிற்றூரில் எளிய கிறித்தவர் எதிர்த்தரப்பார் வினவும்போது என்ன விடை கூறுவர்? இக்கவலையே அவரை எழுதத் தூண்டியது.

மூன்று மறுப்பு நூல்கள்

முதலில் அவர் தம் தரப்பாரைச் சீர்செய்தார். சிற்றூர்களில் குருவின் இடத்தில் நின்று மக்களுக்கு மறை கற்பித்தவர் வேதியர். அவர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறையை விளக்கி 1727இல் வேதியர் ஒழுக்கம் என்னும் நூலை எழுதினார். இது வாதநூல் அன்று. ஆயினும் பிற வாதநூல்களுக்கு அடித்தளம் இதுவே. கொள்கையைக் காப்பவன் முதலில் ஒழுக்கத்தைக் காக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அவருடைய உரைநடையின் உயர்வை அறிய விரும்புவோர் இந்நூலிலிருந்து தொடங்குதல் நன்று.

அடுத்து 1728இல் வேதவிளக்கம் தோன்றியது. லுத்தரன் சபையார் எழுப்பிய தடைகளுக்கு விடையிறுத்துக் கத்தோலிக்கக் கொள்கைகளை விளக்குவது இந்நூல். தரங்கம்பாடியார் பரப்பிய திருச்சபைப் பேதகம் என்னும் நூலுக்கு மறுப்பாகப் பேதகமறுத்தலை எழுதினார். பேதகம் என்றால் பிளவு. திருச்சபையைப் பிளந்தவர் எவர் என்பதே அந்நூலில் வழக்கு. லுத்தேரினத்தியல்பு என்பது மூன்றாவது. லூதரைப் பின்பற்றும் கூட்டத்தாரின் இயல்பைக் கத்தோலிக்கர் பார்வையில் எடுத்துரைப்பது.

இந்நூல்களின் அமைப்பைக் காணும்போது தமிழ் மாணவர்க்கு நன்னூல் நினைவுக்கு வரும். நூலாசிரியர் கைக்கொள்ளும் எழுவகை மதங்களை நன்னூல் தொகுத்துரைக்கிறது. பிறர் கருத்தை ஏற்றல், மறுத்தல், முதலில் ஏற்றுப் பின் களைதல், தாமே ஒன்றை நாட்டி அதனை நிறுவுதல், இருவர் மாறுபட்ட இடத்தில் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல், பிறர் மதத்தோடு கலவாமல் தம் மதத்தைக் கொள்ளுதல் என்பன அவை. நூலுக்குப் பெயரிடும்போதே மறுத்தல் என்னும் சொல்லை முனிவர் தேர்ந்தார். பிற சமயக் கருத்தை முன்வைத்து அதனை மறுப்பது தமிழுக்குப் புதிதன்று. குண்டலகேசிக்கு விடையாக நீலகேசி பிறந்தது. சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் எனப் பகுத்துக்கொண்டு வாதிட்டது. அவையெல்லாம் செய்யுள் நூல்கள். கற்றோர் கற்றோரோடு நிகழ்த்திய வாதங்கள். முனிவர் அவ்வாதத்தை உரைநடைக்குக் கொணர்ந்தார். உழவரும் நெசவாளரும் படைவீரரும் கேட்டுப் புரிந்துகொள்ளும் தமிழில் தடையும் விடையும் நிகழ்ந்தன. தேம்பாவணியைச் செந்தமிழில் யாத்த அதே கை, இங்கே வேண்டுமென்றே எளிமையைத் தேர்ந்தது.

அவர் தொடுத்த அம்புகளுள் மிகக் கூர்மையானது சமயம் பற்றியதன்று, மொழி பற்றியது. தரங்கம்பாடி விவிலியத்தின் தமிழைக் கடுமையாக இகழ்ந்தார். பிழை மலிந்த நடையில் தரப்படும்போது மறைநூலின் மாண்பே குன்றுகிறது என்பது அவர் வாதம். மொழியைப் பழிப்பதுபோல் தோன்றினும் இதன் அடியில் நின்றது அதிகாரம் பற்றிய வினாவே. மறைநூலை மொழிபெயர்க்கும் தகுதியையும் உரிமையையும் ஒருவருக்கு வழங்குவது யார்? தனியொருவரின் ஆர்வம் போதாது, திருச்சபையின் இசைவு வேண்டும் என்பது கத்தோலிக்கர் நிலை. சொல் வழுவினால் பொருள் வழுவும், பொருள் வழுவினால் கொள்கை வழுவும் என்று கருதிய ஒருவருக்குத் தமிழ் இலக்கணமே திருச்சபையின் காவல் அரணாயிற்று.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பின் நியாயத்தையும் எண்ணிப் பார்த்தல் தகும். குறை கண்ட முனிவர் தாமே விவிலியத்தை மொழிபெயர்த்துத் தரவில்லை. விவிலியக் கதைகள் பலவற்றைத் தேம்பாவணியின் 3615 பாடல்களுக்குள் அழகுறப் பொதிந்துவைத்தார். ஆயினும் காப்பியத்தைப் படிக்கத் தேர்ச்சி வேண்டும். இராசநாயக்கனைப் போன்றோர் தாமே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கையில் ஒரு நூலைத் தேடினர். அதனைத் தரங்கம்பாடியார் தந்தனர். கத்தோலிக்கர் கையில் அச்சுக்கூடம் அப்போது இல்லை. முனிவரின் வாதநூல்கள் ஓலையிலும் தாளிலும் படியெடுக்கப்பட்டே ஊர் ஊராகச் சென்றன. அச்சிட்ட நூலுக்கு எழுத்தாணியால் விடை கூறும் நிலை அவருடையது.

நடையின் கடுமை பற்றியும் ஒன்று கூற வேண்டும். இருதரப்பு நூல்களிலும் ஏச்சுச் சொற்கள் இடம்பெற்றன; ஐரோப்பாவில் இருநூறு ஆண்டுகள் மூண்டெரிந்த பகையின் வெம்மை அது. இன்று அச்சொற்களைப் படிப்போர் முகம் சுளிப்பர். லுத்தரன் குருமார், முனிவர் வரைந்த அளவுக்குத் தகுதியற்றவராகவும் இல்லை. சீகன்பால்குவின் உழைப்பை எவரும் மறுக்க இயலாது.

அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதல்

திருச்சபையின் அதிகாரத்தை எதிர்த்தரப்பார்முன் காத்து நின்ற முனிவருக்கு, அதே அதிகாரம் உள்ளிருந்து ஒரு சோதனையைத் தந்தது. தத்துவ போதகர் தொடங்கிவைத்த தமிழ்மயமான வாழ்முறையும் சடங்குகளும் முறையானவைதாமா என்னும் ஐயம் உரோமையில் நெடுநாள் நிலவியது. 1704இல் திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் இச்சடங்குகள் பலவற்றைத் தடைசெய்தார். அது முதல் முறையீடுகளும் விடைகளும் தமிழகத்துக்கும் உரோமைக்கும் இடையே பல்லாண்டு அலைந்தன. 1744இல் பதினான்காம் பெனடிக்ட்டு இறுதி ஆணையைப் பிறப்பித்தார். முனிவரின் தமிழகப் பணிக்காலம் முழுவதும் இந்த வழக்கின் நிழலிலேயே கழிந்தது. லுத்தரன் சபையாரைப் போல அவர் பிரிந்து செல்ல எண்ணவில்லை. பிறருக்கு உரைத்த கீழ்ப்படிதலைத் தாமும் மேற்கொண்டார். காவி உடையும் தமிழ் ஒழுக்கமும் தம் பணிக்கு உயிர் என்று நம்பிய ஒருவருக்கு அது எளிதாய் இருந்திருக்காது.

இலக்கணத் துறையில் அவருக்கு இத்தகைய தடை இல்லை. 1730இல் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஆகிய ஐந்தையும் கூறும் தொன்னூல் விளக்கத்தை இயற்றினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். 1732இல் சதுரகராதியை நிறைவு செய்தார். ஓலையில் புள்ளியிடாமல் எழுதும் வழக்கத்தால் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் தம்முள் மயங்கின. இம்மயக்கத்தைப் போக்க நெடிலுக்குத் தனி வடிவும் இரட்டைக் கொம்பும் வகுத்தார். இன்று நாம் எழுதும் ஏ, ஓ, கே, கோ என்னும் எழுத்துகளில் அவர் கைவண்ணம் நிலைத்திருக்கிறது. இத்திருத்தத்தைக் கத்தோலிக்கத் திருத்தம் என்று சொல்லி எவரும் ஒதுக்கவில்லை.

எதிர்த்தரப்பின் அச்சுக்கூடத்தில்

1728இல் முனிவர் மற்றொரு நூலையும் எழுதியிருந்தார். புதிதாக வரும் இயேசு சபைக் குருமார் மக்கள் பேச்சுத் தமிழைக் கற்கும்பொருட்டு இலத்தீன் மொழியில் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணம் அது. வேதவிளக்கம் தோன்றிய அதே ஆண்டு! ஒரு கையால் லுத்தரன் சபையாரின் தமிழை இகழ்ந்தவர், மறு கையால் பிழையற்ற தமிழைக் கற்பிக்கும் கருவியைச் செய்துகொண்டிருந்தார்.

அந்நூலின் படி தரங்கம்பாடியாரின் கைக்கு எட்டியது. தம்மைக் கடிந்தவர் எழுதியது என்று அவர்கள் அதனை மூடிவைக்கவில்லை. 1738ஆம் ஆண்டிட்ட தலைப்புப் பக்கத்தோடு டேனிய மறைப்பணிக் கழகத்தின் அச்சுக்கூடத்திலேயே அதனை அச்சிட்டனர். எந்த அச்சுக்கூடத்து விவிலியத்தை முனிவர் இகழ்ந்தாரோ, அந்த அச்சுக்கூடமே அவருடைய இலக்கணத்தை உலகுக்குத் தந்தது. லுத்தரன் குருமாருள் ஒருவரான வால்தர், அடுத்த ஆண்டு அவ்விலக்கணத்துக்குத் துணையாகத் தம் குறிப்புகளையும் வெளியிட்டார். வாதத்தில் அவர்கள் முனிவருக்கு இணங்கவில்லை; தம் சபையை விட்டு விலகவும் இல்லை. 1733இலேயே ஆரோன் என்னும் தமிழரைக் குருவாக்கித் தம் சபையை உறுதிப்படுத்திக்கொண்டனர். ஆயினும் தமிழில் அவர் தமக்கு ஆசான் என்பதை மறைக்கவில்லை. தம் மொழிபெயர்ப்பைத் திருத்தும் முயற்சியையும் அவர்கள் கைவிடவில்லை. அம்மரபில் வந்த பப்ரிசியசு புதிய ஏற்பாட்டை மீண்டும் மொழிபெயர்த்து 1772இல் வெளியிட்டார்.

மணப்பாடும் அம்பலக்காடும்

1740ஐ ஒட்டிய ஆண்டுகளில் மராட்டியர் படையெடுப்பால் திருச்சிராப்பள்ளிச் சீமை அமைதி இழந்தது. முனிவர் தெற்கே சென்று திருநெல்வேலிக் கடற்கரையில் மணப்பாட்டில் தங்கினார். அங்குள்ள கடலோரக் குகையில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் சவேரியார் தங்கித் தவம் செய்தார் என்பர். கரிசல் காட்டில் தொடங்கிய தமிழ் வாழ்வு, அதே சீமையின் மணற்குன்றுகளுக்கு இடையே முதுமையை எய்தியது. மணப்பாட்டிலேயே அவர் மறைந்தார் எனப் பல நூல்கள் கூறிவந்தன. அம்பலக்காட்டில் 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் உயிர்நீத்தார் என்பதே பின்வந்த ஆய்வாளர் கண்ட முடிவு.

முனிவர் மறைந்தபின் தாமிரபரணிச் சமவெளியில் காட்சி மாறியது. பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்னும் பெண்மணியின் முயற்சியால் 1785இல் புராட்டஸ்தாந்துக் கோயில் எழுந்தது. 1820இல் இரேனியசு அங்கு வந்தார். 1841இல் கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தார். ஆற்றங்கரை ஊர்களில் இருசபைக் கோயில்களும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தொலைவில் நின்றன. பழைய வினாக்கள் மீண்டும் எழுந்தன. திருநெல்வேலியில் 1774இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரின் குடும்ப வரலாற்றிலேயே இவ்விரு மரபுகளும் சந்தித்தன. கத்தோலிக்கராய் இருந்து புராட்டஸ்தாந்தரானவர் அவர் தந்தை தேவசகாயம்.

இதற்கிடையே முனிவரின் நூல்கள் பிற சபையாரின் மேசைகளுக்குச் சென்றுகொண்டிருந்தன. சென்னைக் கல்விச் சங்கத்தை நடத்திய எல்லிசு அவர் சுவடிகளைத் தேடச் செய்தார். அப்பணியில் ஈடுபட்ட புதுவை முத்துசாமிப் பிள்ளை 1822இல் முனிவரின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். அதே ஆண்டு பாபிங்டன், செந்தமிழ் இலக்கணத்தையும் பரமார்த்த குரு கதையையும் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார்.

ஜி. யு. போப் ஆங்கிலிக்கன் சபைக் குரு. தாமிரபரணிக்கு அண்மையில் உள்ள சாயர்புரத்தில் பள்ளி நடத்தியவர். நாற்பது ஆண்டுகளுக்குமேல் திருக்குறளில் தோய்ந்த அவர், 1886இல் தம் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அந்நூலின் குறிப்புப் பகுதியில், வேதவிளக்கம் எழுதிய கத்தோலிக்கத் துறவி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பையும் சேர்த்து அச்சிட்டார். முகப்புப் பக்கத்தில் அவர் பெயரையும் பொறித்தார்.